கிரெடிட் தீரப்போனபோதுதான் எங்கள் கணக்கு எங்களுக்கே தெரிந்தது

நாங்கள் மூன்று பேர். புகைப்படக் கலைஞர்களுக்கான ஓர் இணையச் சேவை நடத்துகிறோம். அவர்கள் எடுத்த படங்களை ஏற்றி வைப்பார்கள், அவர்களுடைய வாடிக்கையாளர் லிங்க்கைத் திறந்து பார்த்து, பிடித்ததைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்வார். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே சர்வர்களை இணையம் வழியாக வாடகைக்குத் தரும் ஒரு பெரிய கிளவுட் நிறுவனத்திடமிருந்து இரண்டு வருடத்துக்கான ஸ்டார்ட்அப் கிரெடிட் கிடைத்தது, அதாவது பில்லில் கழித்துக்கொள்ளும் இலவசத் தொகை. கையிலிருந்து காசு போகாததால் எதையும் விலை பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. பல சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ், ஒன்பது மைக்ரோசர்வீஸ் (தனித்தனியாக ஓடும் சின்ன மென்பொருள்கள்), அதில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நகல். அப்போது ஒரு நாளைக்கு உள்ளே வந்தவர்கள் சில நூறு பேர்தான்.

கிரெடிட் முடிய ஐந்து மாதம் இருக்கும்போது முதலீடு தேட ஆரம்பித்தோம். இரண்டாவது சந்திப்பிலேயே ஒருவர் கேட்டார், ஒரு வாடிக்கையாளருக்குச் சேவை கொடுக்க உங்களுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று. மூன்று பேரில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்று இரவே உட்கார்ந்து, கிரெடிட்டைக் கழிக்காமல் உண்மையான விலையில் கணக்குப் போட்டோம். கிராஸ் மார்ஜின், அதாவது சேவை கொடுக்கும் நேரடிச் செலவு போக வருமானத்தில் மிஞ்சுவது, 28 சதவீதம் வந்தது. சந்தா வாங்கும் மென்பொருள் நிறுவனத்திடம் 70, 80 சதவீதம் எதிர்பார்ப்பது வழக்கம்.

பில்லைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெளியே போகும் டேட்டாவுக்கான கட்டணம். உள்ளே ஏற்றுவது இலவசம், வெளியே இறக்குவதற்கு ஜிபிக்கு இவ்வளவு என்பதுதான் பெரிய கிளவுட்களின் விலை முறை. எங்கள் தொழிலே படத்தை வெளியே அனுப்புவது! ஒரு முறை ஏற்றிய ஆல்பத்தைக் குடும்பமே திறந்து பார்க்கும், அப்புறம் மொத்தமாக இறக்கும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெளி இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத தனி சப்நெட்டில் (நெட்வொர்க்கின் உள்பகுதியில்) இருந்த எங்கள் சர்வர்கள் ஸ்டோரேஜிலிருந்து படத்தை எடுக்கும்போதெல்லாம் அது நேட் கேட்வே என்ற வெளிவாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, அதற்கும் ஜிபி கணக்கில் தனிக் கட்டணம். ஸ்டோரேஜுக்கென்று ஓர் எண்ட்பாயிண்ட் (நேரடி உள்வழி) வைத்து, டேட்டா எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் ரூட் டேபிளில் சேர்த்துவிட்டால் அந்தக் கட்டணமே கிடையாது. அந்த மாற்றத்தை அன்றே செய்துவிட்டோம். ஒன்றரை வருடமாக யாரும் பில்லின் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

இதற்கிடையில் ஒரு முதலீட்டாளரிடமிருந்து முதலீட்டு நிபந்தனைகளை எழுதிய டெர்ம் ஷீட்டும் வந்தது. அவர்களுக்கு 20 சதவீதப் பங்கு, அதோடு 10 சதவீத ஆப்ஷன் பூல் (ஊழியர்களுக்கென்று ஒதுக்கி வைக்கும் பங்கு), அந்தப் பூல் முதலீட்டுக்கு முந்தைய மதிப்பிலிருந்தே, அதாவது எங்கள் பங்கிலிருந்தே, எடுக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி. படிக்கும்போது சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. அப்படிச் செய்தால் எங்களுக்கு 70, அவர்களுக்கு 20. பணம் வந்த பிறகு பூலை உருவாக்கினால் இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், எங்களுக்கு 72, அவர்களுக்கு 18. இதையெல்லாம் பேசி மாற்றலாம், அதில் எனக்குப் பயமில்லை. ஆனால் அந்தப் பணத்தைப் 18 மாதத்துக்குப் பிரித்து எழுதியபோது மூன்றில் ஒரு பங்கு கிளவுட் பில்லுக்கே போவது தெரிந்தது. நிறுவனத்தின் பங்கை விற்று சர்வர் வாடகை கட்டப்போகிறோம். ஷீட்டில் கையெழுத்துப் போடாமல் ஆறு வாரம் அவகாசம் கேட்டோம், அவர்களும் மரியாதையாகச் சம்மதித்தார்கள்.

அந்த ஆறு வாரத்தில் ஒன்பது சர்வீஸையும் ஒரே அப்ளிகேஷனாக்கி, வாடகைக்கு எடுத்த இரண்டு தனி சர்வர்களுக்குக் கொண்டுவந்தோம். 2022இல் பேஸ்கேம்ப் மென்பொருளை உருவாக்கிய 37சிக்னல்ஸ் நிறுவனம் கிளவுடை விட்டு வெளியேறுவதாக அறிவித்ததிலிருந்து நிறையப் பேர் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்கள் சொந்த மெஷின்களை வாங்கியவர்கள், அதைக் கவனிக்க ஆட்களும் உண்டு. எங்களைப் போன்ற மூவர் அதை அப்படியே செய்யக் கூடாது என்பது என் கருத்து, வாடகை சர்வரே போதும். படங்களை மட்டும் வெளியேறும் டேட்டாவுக்குக் கட்டணம் வாங்காத ஓர் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (கோப்புகளைச் சேமித்து வைக்கும் சேவைக்கு) மாற்றினோம். பில்லை உண்மையில் கீழே இறக்கியது அதுதான். சர்வர் மாற்றத்தால் மிச்சமானது அதற்கு அடுத்தபடிதான்.

டேட்டாபேஸ் மாற்றத்தில்தான் அடிபட்டோம். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸில், பழையதில் நடக்கும் மாற்றங்களைத் தொடர்ந்து புதியதற்கு நகலெடுக்கும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வைத்து, டிஎன்எஸ் டிடிஎல்லை (சர்வரின் பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 வினாடிக்குக் குறைத்து, அதிகாலை மூன்று மணிக்குப் புதிய சர்வருக்குத் திருப்பிவிட்டோம். படிப்பதெல்லாம் சரியாக வேலை செய்தது. புதிய ஆல்பம் உருவாக்க முயன்ற எல்லோருக்கும் பிழை. டேபிளில் உள்ள வரிசைகள் வந்துவிட்டன, அடுத்த வரிசைக்கு எந்த ஐடி கொடுப்பது என்று எண்ணி வைக்கும் சீக்வென்ஸ் எண்கள் வரவில்லை. புது டேட்டாபேஸ் 1 என்ற எண்ணிலிருந்து எண்ண ஆரம்பித்து, ஏற்கெனவே இருக்கும் ஐடிகளில் போய் மோதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டேபிளின் கடைசி ஐடியையும் எடுத்து, சீக்வென்ஸை அந்த எண்ணுக்கு நகர்த்தும் செட்வால் கட்டளை கொடுத்துச் சரிசெய்து முடிக்க 22 நிமிடம் ஆனது. இதே வேலையைச் செய்யப்போகிறவர்கள் திருப்பிவிடும் முன் ஒத்திகையில் டேபிளில் புதிதாக ஒரு வரிசையாவது எழுதிப் பாருங்கள். நாங்கள் ஒத்திகையில் படித்து மட்டும்தான் பார்த்தோம்.

செலவு குறைந்தது பாதி வேலைதான். எங்கள் பயனர்களில் 96 சதவீதம் பேர் இலவசத் திட்டத்தில் இருந்தார்கள், ஸ்டோரேஜில் பெரும்பகுதி அவர்களுடையது. முதலீடு வந்தால் அவர்களின் எண்ணிக்கையைக் காட்டி அடுத்த சுற்று முதலீடு வாங்கலாம் என்பதுதான் எங்கள் பழைய திட்டம். அதைக் கைவிட்டோம். இலவச ஆல்பம் 60 நாளில் மூடப்படும் என்று இரண்டு மாதம் முன்பே அறிவித்து, மூன்று முறை மெயில் அனுப்பி, எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பட்டனும் வைத்தோம். கோபமான பதில்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் நாங்களே பதில் எழுதினோம். கூடவே, வருடச் சந்தாவை முன்பணமாகக் கட்டினால் இரண்டு மாதம் கழிவு என்று அறிவித்தோம். கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதற்கு மாறினார்கள். அது முழுக்க அந்த மாத வருமானமல்ல, பன்னிரண்டு மாதம் கொடுக்க வேண்டிய சேவைக்கான கடன் என்று கணக்கில் தனியாகவே வைத்திருக்கிறோம். ஆனாலும் பங்கு எதையும் விற்காமல் கைக்கு வந்த பணம்.

ஆறு வாரம் முடிந்தபோது மார்ஜின் 71 சதவீதம். அந்த டெர்ம் ஷீட்டை வேண்டாம் என்று எழுதிவிட்டோம். போன மாதம் அதே முதலீட்டாளர்தான் மறுபடி அழைத்தார். இந்த முறை நாங்கள் கேட்டிருப்பது முன்பு கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, விற்பனைக்கு இரண்டு பேரை வேலைக்கு எடுக்க. பூல் எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்பதில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.