ஒரு பாய்க்கு நாலு பேர்

மார்த்தாண்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகும் வழியில் ஒரு பள்ளியில் யூகேஜி எடுக்கிறேன். 22 பிள்ளைகள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், அப்பா ஆழ்கடல் போனால் வாரக்கணக்கில் முகம் பார்க்காத கடற்கரைப் பிள்ளைகள், கட்டட வேலைக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்கள் இவை. பல வீடுகளில் மலையாளமும் தமிழும் கலந்துதான் புழங்கும்.

முதலில் ஒரு தப்பு செய்தேன். ஒரே பேச்சுள்ள பிள்ளைகளை ஒரே பாயில் உட்கார வைத்தேன். சண்டை இல்லை, சத்தமும் குறைவு. நல்லா போகுது என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்துக் கவனித்தால், வங்காளப் பையன் எந்தப் பாயிலும் ஒட்டாமல் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறான். அன்றைக்கே எல்லாவற்றையும் கலைத்தேன்.

இப்போது ஒரு பாய்க்கு நாலு பேர், கலந்து. ஆறு பேர் என்றால் இரண்டு பேர் வேடிக்கை பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆளுக்கொரு டப்பா கொடுத்தால் நாலு பேரும் தனித்தனியாகத்தான் வேலை செய்வார்கள். ஒரே டப்பா புளியங்கொட்டை, ஒரே கோந்து என்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தப் பையன் பேசிய முதல் தமிழ் வார்த்தை 'தா'. (கொட்டையை மூக்கில் போடும் வயசு. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவேன். அதுவும் கணக்குப் பாடம்தான்.)

ஒருநாள் காகித மீன் ஒட்டும் வேலை. கடற்கரைப் பிள்ளை ஒருத்தி ஒரு மீனைப் பார்த்து, "இது அயிலை" என்றாள். பக்கத்துப் பையன், "அயல" என்றான். "சாளைக்கு இவ்ளோ பெரிய கண்ணு கிடையாது டீச்சர்" என்று என் படத்தையும் திருத்தினாள். அப்போதுதான் வங்காளப் பையன் மெதுவாக, "மாச்" என்றான். மூன்று பேரும் திரும்பினார்கள். அவன் ஒவ்வொரு மீனாகத் தொட்டு, "மாச், மாச், மாச்" என்றான். 'மீன் என்று சொல்லு' என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. இப்படி வரும்போதெல்லாம் மனசுக்குள் பத்து எண்ணுவேன். ஏழு எண்ணும்போதே அவள், "ஒரு மாச், ரெண்டு மாச்" என்று தொடங்கிவிட்டாள். நாலு பேரும் சேர்ந்து ஒன்பது வரை போனார்கள்.

ஒரு அம்மாவுக்கு வருத்தம். "என் பிள்ளைக்கே தமிழ் சரியா வரல, அந்தப் பையன்கூட இருத்துனா எப்படி டீச்சர்?" நியாயமான கவலைதான். அரைமணி நேரம் வந்து பாருங்கள் என்றேன். அவர் வந்த அன்று அவருடைய மகள், கோந்தை எவ்வளவு தொட வேண்டும், எங்கே அமுக்க வேண்டும் என்று அவனுக்கு வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவ்வளவு பேச மாட்டாளாம். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. போகும்போது பாயைச் சுருட்ட ஒரு கை கொடுத்தார்.

தை மாதம் கட்டட வேலை முடிந்து பையனின் குடும்பம் கிளம்பிவிட்டது. அந்தப் பாயில் இப்போது மூன்று பேர். மீன் படம் வந்தால் இன்னும் மாச் என்றுதான் எண்ணுகிறார்கள்.