கயிறு அறுப்பவர்கள்

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து வேலியோரம், கன்றுக்குட்டியின் காலில் சுற்றிய நைலான் கயிறு அது இழுக்க இழுக்கத் தோலுக்குள் இறங்கியதை நேற்றுக் கண்டபோது, வலசை போகும் கூன்முதுகுத் திமிங்கிலங்களே நினைவுக்கு வந்தன. நண்டுப் பொறியின் கயிறு வாலில் சிக்கினால், அவை மாதக்கணக்கில் அதை இழுத்தபடியே நீந்தி மெலிகின்றன. பயிற்சி பெற்ற மீட்பர்கள் நீரில் குதிப்பதில்லை. அந்தக் கயிற்றிலேயே பெரிய மிதவைகளைக் கட்டி, திமிங்கிலத்தின் வேகத்தைத் தணித்து, படகில் இருந்தபடியே நீண்ட கழியின் முனையிலுள்ள கொக்கிக் கத்தியால் அறுக்கிறார்கள்.

கரை ஒதுங்குவது வேறு துயரம். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் பாடுபட்டுக் கடலில் சேர்த்தும், கூட்டத்தைப் பிரியாத அந்த இனத்தில் பல கரைக்கே திரும்பின. நீரின் தாங்கல் இல்லாத மணலில் அவற்றின் எடையே அவற்றை நசுக்கும் என்பதை எண்ணினால் மனம் பதைக்கிறது.

கன்றின் காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறேன்.