தப்பு செய்யாதவர்தான் முதலில் வக்கீலைத் தேட வேண்டும்

மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று சொல்லிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குத் தனியாகக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. நிஜமாகவே குற்றம் செய்தவன் பெரும்பாலும் வக்கீலிடம் பேசிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறான். செய்யாதவர்தான் "நான் போய் நடந்ததைச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க" என்று போய் உட்கார்ந்து, கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்லி, நீட்டின இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வருகிறார். அதற்கப்புறம் வக்கீலைத் தேடினால், அவருக்குப் பாதி வேலை அந்தக் கையெழுத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

என் சித்தப்பா மகன் ஒரு நகை அடகுக் கடையில் வேலை பார்த்தான். ஸ்டாக்கில் செயின் குறைகிறது என்று புகார், இவன்மேல் சந்தேகம். "ஒரு என்கொயரி, வந்துட்டுப் போங்க" என்று போன். வக்கீலோடு போகலாம் என்றதும் சித்தப்பா கேட்டது இதுதான்: "வக்கீலக் கூட்டிட்டுப் போனா, நாமளே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதாப்பா?" எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். ஆகாது. வக்கீலோடு வருவதைக் குற்றத்துக்கு அடையாளமாக எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை, எந்த நீதிபதியும் பார்க்கப் போவதில்லை.

போனில் கூப்பிட்டால் முதலில் கேட்க வேண்டியது: என்ன புகார், யார் கொடுத்தது, எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா, இல்லை சி.எஸ்.ஆர். (புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீது) மட்டும்தானா? எஃப்.ஐ.ஆர். பதிந்திருந்தால் அதை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லியிருக்கிறது (பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு விலக்கு உண்டு). தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தேடி எடுக்கலாம். அதைப் படிக்காமல் எதற்கும் பதில் சொல்லாதீர்கள். உங்கள்மேல் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அடுத்து முன்ஜாமீன் கேட்பதா, நோட்டீஸுக்குப் பதில் கொடுப்பதா என்று வக்கீல் முடிவு செய்வார்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றமாக இருந்தால், புகார் வந்தவுடனே பிடித்து உள்ளே வைக்கக் கூடாது என்பது 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் வந்த தீர்ப்பு. திருட்டு, நம்பிக்கை மோசடி, ஏமாற்று என்று சாதாரண மக்கள்மேல் வருகிற புகார்களில் பலவும் இதற்குள் அடங்கிவிடும். கைது தேவையில்லை என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 35(3) பிரிவில் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்றும் 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நோட்டீஸ் வந்தால் கண்டிப்பாகப் போக வேண்டும், போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். ஒழுங்காக ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் அவர்கள் காரணத்தை எழுதி வைத்தாக வேண்டும்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு மடப்புரம் நினைவுக்கு வராமல் இல்லை. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டத்தில் அந்த ஊர்க் கோயில் காவலாளி அஜித்குமார், காரில் இருந்த நகை காணோம் என்ற ஒரு புகாருக்காக விசாரணை என்று கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பவில்லை. "விசாரணைதானே, போயிட்டு வந்துடலாம்" என்று யாராவது லேசாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருவதற்கு அதுதான் காரணம். ஆகவே போகும்போது வீட்டில் இரண்டு பேருக்காவது எந்த ஸ்டேஷன், எந்த அதிகாரி, எத்தனை மணிக்கு என்று மெசேஜ் போட்டுவிட்டுப் போங்கள். நேரம் பதிந்த அந்த மெசேஜ் பின்னால் உதவும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்த வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டவும் முடியாது. அதன்மூலம் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால் மட்டும் அந்தப் பகுதி உள்ளே வரும். தன்மேலேயே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3). அதனால் "எங்க வக்கீல்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளைத்தாளில் கையெழுத்து எந்த நிலையிலும் கிடையாது. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் எவ்வளவு தன்மையாகக் கேட்டாலும் கிடையாது.

அப்புறம் சமரசம். என் தம்பிக்கும் இதுதான் வந்தது: "பாதிப் பணத்தக் கட்டிடுங்க, புகாரை வாபஸ் வாங்கிக்கிறோம்." வீட்டில் எல்லோரும் சோர்ந்துபோயிருக்கிற நேரம், மானம் போகிறதே என்ற பயம், கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். எடுக்காத பொருளுக்குப் பணம் கட்டினால் ஊர் பார்வையிலும் கேஸ் கட்டிலும் அது ஒப்புக்கொண்டதாகத்தான் நிற்கும். புகார் கொடுத்தவருக்கு "மன்னிச்சிடுங்க, பேசித் தீத்துக்கலாம்" என்று வாட்ஸ்அப் அனுப்புவதும் அப்படித்தான், அந்த ஸ்கிரீன்ஷாட் நேராகக் கோர்ட்டுக்குப் போகும். அவர்களிடம் பேசவே பேசாதீர்கள். சாட்சியை மிரட்டினார் என்று இன்னொரு புகார் சேர்ந்தால் ஜாமீனும் சிக்கலாகும். போனில் இருக்கிற எதையும் அழிக்கவும் வேண்டாம்.

மாறாக அன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. புகாரில் சொல்லும் நாளில் எங்கே இருந்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள், எதில் பணம் கட்டினீர்கள் என்று நேரத்தோடு எழுதி வைப்பது. யு.பி.ஐ. ரசீது, பஸ் டிக்கெட், ஃபாஸ்டேக் மெசேஜ், ஆபீஸ் வருகைப் பதிவு எல்லாமே சாட்சி. கடைகளில் இருக்கிற சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து மேலே புதியது ஏறிவிடும், அதனால் முதலில் ஓட வேண்டியது அதற்குத்தான். தர மறுத்தால் பாதுகாத்து வைக்கும்படி வக்கீல் மூலம் எழுத்தில் கேட்டு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கைதே ஆகிவிட்டால்? காரணத்தை எழுத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அங்கே பெரும்பாலும் எல்லாம் நிமிடங்களில் முடிந்துவிடும், பலரும் பயத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அடித்திருந்தால் அங்கே சொல்லுங்கள், அதற்கு முன் பரிசோதிக்கிற டாக்டரிடமும் சொல்லுங்கள். கூடவே போலீஸ்காரர் நின்றாலும் சொல்லுங்கள். அந்தப் பதிவுகளில் ஏறாததைப் பிறகு நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் தனியாக நிற்கத் தேவையில்லை. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

என் தம்பி வழக்கில், கடையின் இன்னொரு கிளைக்குப் போன கவரில் அந்த செயின்கள் இருந்தது தெரிந்து "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்", அதாவது தவறான தகவலில் வந்த புகார், என்று மூடினார்கள். எல்லோருக்கும் இப்படிச் சீக்கிரம் முடியாது. நாகர்கோவிலைச் சேர்ந்த விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994 நவம்பரில் உளவு வழக்கில் கைது செய்தார்கள், 50 நாள் சிறை. 1996இலேயே வழக்கில் ஒன்றுமில்லை என்று சிபிஐ அறிக்கை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது 2018இல். நாடறிந்த விஞ்ஞானிக்கே இருபத்து நான்கு வருடம். காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தவரிடமிருந்து மாஜிஸ்திரேட் வாங்கித் தரக்கூடிய இழப்பீட்டுக்குச் சட்டம் வைத்திருக்கிற உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். இது மாற வேண்டும் என்று யாராவது சட்டசபையில் பேசினால் நான் கைதட்டுவேன்.

வழக்கு தள்ளுபடி ஆகும் என்று சும்மா காத்திருக்காமல், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போகலாமா, குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்க மனு போடலாமா என்று வக்கீலிடம் ஆரம்பத்திலேயே கேளுங்கள். இளைஞர்களுக்கு இது ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்கான விதிப்படி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். அதில் வேலை இழந்து கோர்ட் படியேறிய பையன்கள் நிறைய. தீர்ப்போ, வழக்கை மூடிய உத்தரவோ வந்ததும் சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கி வையுங்கள், பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கும் கேட்பார்கள்.