கிரேடு தேர்வுக்கு டியூபா மவுத்பீஸ் தேர்ந்தெடுப்பது: என் அனுபவம்

டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தில் கிரேடு தேர்வுக்கு, அதாவது படிநிலை இசைத் தேர்வுக்கு, தயாராகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "எந்த மவுத்பீஸ் வாங்கலாம்?" என்பதுதான். மவுத்பீஸ் என்பது உதடு வைத்து ஊதும் பாகம். ஒரு மாடல் எண்ணைச் சொன்னால் போதும், வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். எண்ணைச் சொல்வது சுலபம். ஆனால் என் உதட்டுக்கும் பல்வரிசைக்கும் வாத்தியத்துக்கும் பொருந்தியது இன்னொருவருக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் எண்ணைச் சொல்லாமல், நான் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறேன்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. களைப்பில்லாத உதட்டோடு முதல் பத்து நிமிடம் ஊதும்போது கேட்கிற பெரிய நாதத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். புது மவுத்பீஸ் எதுவாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் இருக்கும். தேர்வில் நமக்கு மதிப்பெண் குறைவது வேறு இடங்களில்: மெதுவாகத் தொடங்க வேண்டிய ஒரு கீழ் நோட்டில், அப்புறம் மூன்றாவது உருப்படியின் கடைசிப் பக்கத்தில். அந்த இரண்டு இடங்களில் எந்த மவுத்பீஸ் கைவிடாமல் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது.

நான் பயிற்சி செய்த பி ஃபிளாட் டியூபாவோடு வந்த மவுத்பீஸ் ஆழமான புனல் வடிவக் கப் (உதடு படும் விளிம்புக்கு உள்ளே இருக்கும் குழி) கொண்டது. கீழே இறங்க இறங்க அருமையாகப் பேசும். ஆனால் இரண்டாவது உருப்படி முடியும்போதே வாயோரம் தளர்ந்து காற்று கசியத் தொடங்கும், மேல் நோட்டுகளில் சுருதி இறங்கும். மாஸ்டரிடம் வேறு மவுத்பீஸ் மாற்றலாமா என்று கேட்டேன். "மாத்தலாம் தம்பி. அதுக்கு முன்னாடி தினமும் லாங் டோன், ஒரே நோட்டை நீளமாப் பிடிச்சு ஊதிட்டு, எங்கே தப்பு போகுதுன்னு நோட்டுப்புத்தகத்துல எழுதிட்டு வா" என்றார்.

அந்த நோட்டுப்புத்தகம்தான் பிறகு எனக்கு வழிகாட்டியது. "மேல் எஃப் மூன்றாவது முறை வரவில்லை", "கீழ் சி மெதுவாகத் தொடங்கும்போது முதலில் காற்று, பிறகுதான் ஒலி", "ஸ்டக்காட்டோ எல்லாம் மழுப்பல்" என்று வரி வரியாக எழுதினேன். சில வாரங்களில் பாதிக் குறைகள் பயிற்சியிலேயே மறைந்துவிட்டன. எவ்வளவு ஊதியும் போகாமல் நின்றவை இரண்டு: ஸ்டக்காட்டோவின் (நோட்டுகளைத் துண்டுதுண்டாக வெட்டி வாசிப்பது) மழுப்பலும் கடைசிப் பக்கத்துக் களைப்பும். எதைச் சரிசெய்யத் தேடுகிறோம் என்பது அப்போதுதான் தெளிவானது. நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். குறை இன்னதென்று தெரியாமல் மவுத்பீஸ் தேடினால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள், எல்லாமே சரியாகத்தான் தோன்றும்.

அடுத்தது ஷாங்க். மவுத்பீஸின் வால்பகுதி, வாத்தியத்தின் ரிசீவருக்குள் போகிற பாகம். டியூபாவில் இது எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இல்லை. அமெரிக்க அளவு என்று ஒன்று, அதைவிடத் தடித்த ஐரோப்பிய அளவு என்று ஒன்று, பழைய வாத்தியங்கள் சிலவற்றுக்கு மெலிந்த ஷாங்க் ஒன்று. ஒரே மாடல் இரண்டு ஷாங்க் அளவுகளில் விற்பனைக்கு வருவதும் உண்டு. வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோதிப்பது எளிது: மவுத்பீஸை மெல்ல உள்ளே விட்டு, விரல் நுனியால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் அந்த ஷாங்க் உங்கள் ரிசீவருக்கு உரியது அல்ல. மெலிந்த ஷாங்க் அளவுக்கு மீறி உள்ளே போய்விடும், தடித்தது நுனியிலேயே நின்றுவிடும். இரண்டிலும் சுருதி கலையும், சில நோட்டுகள் நிலைகொள்ளாது. இது சரியாக அமையாமல் ரிம் (உதடு படும் விளிம்பு), கப் என்று பேசிப் பயனில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாக் நிறுவனத்தின் வரிசையில் எண் கூடக்கூட ரிம்மின் உள்விட்டம் குறையும். அதாவது 18-ஐ விட 24ஏடபிள்யூ சிறியது. யமஹாவில் நேர்மாறு, 66-ஐ விட 67 பெரியது. கப் ஆழத்தைக் குறிக்கும் எழுத்திலும் இதே சிக்கல்: பாக்கில் ஏ பக்கம் ஆழம், யமஹாவில் ஈ பக்கம் ஆழம். டெனிஸ் விக் எண்களும் பாக்கைப் போலவே, எண் கூடினால் அளவு குறையும். போதாக்குறைக்கு, உள்விட்டத்தை ரிம்மின் எந்த ஆழத்தில் வைத்து அளப்பது என்பதும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி. அதனால் இரண்டு நிறுவனங்களின் மில்லிமீட்டர் கணக்கை அப்படியே ஒப்பிட முடியாது. ஒரே நிறுவனத்துக்குள் ஒப்பிடுங்கள், மற்றதற்கு உதட்டைக் கேளுங்கள்.

டியூபா மவுத்பீஸின் உள்விட்டம் பெரும்பாலும் 30 முதல் 33 மி.மீ. வரை இருக்கும். பாக் 24ஏடபிள்யூவின் விட்டம் 31.25 மி.மீ., அகலமான மெத்தை ரிம். தொடக்க மாணவர்கள் பலர் கையில் இதைப் பார்க்கலாம். ஹெல்லெபெர்க் வகை 32 மி.மீ.-க்கு மேல், ஆழமான புனல் கப். பெயரைப் பார்த்தால் ஜெர்மன் தயாரிப்பு என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் ஜான் பிலிப் சூசா என்ற இசையமைப்பாளரின் பேண்டில் வாசித்த ஆகஸ்ட் ஹெல்லெபெர்க் என்ற டியூபா கலைஞரின் வடிவமைப்பு அது. பெரன்டுச்சி என்ற மவுத்பீஸ் பெயரும் இப்படித்தான், டேனியல் பெரன்டோனி, ராபர்ட் டுச்சி என்ற இருவரின் பெயர்கள் சேர்ந்து உருவானது. நமக்கு மவுத்பீஸ் செய்து தருகிறவர்களில் வாத்தியம் வாசித்தே வாழ்ந்தவர்கள் இத்தனை பேர் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

விட்டம் பெரிதானால் உதடு அதிர இடம் கூடும், கீழ் நோட்டுகள் தாராளமாக வரும். ஆனால் அதைத் தாங்க வாய்த்தசை உழைக்க வேண்டும். கப் புனல் வடிவமானால் நாதம் அடர்ந்து இருண்டு வரும், கிண்ண வடிவமானால் நோட்டின் தொடக்கம் தெளிவாகும். கப்பின் அடியில் உள்ள தொண்டைத் துளை பெரும்பாலும் 8 மி.மீ. சுற்றில் இருக்கும். அது அகலமானால் காற்று தடையில்லாமல் ஓடும், ஆனால் மூச்சு சீக்கிரம் தீரும். நீண்ட சொற்றொடர்கள் உள்ள உருப்படியைத் தேர்வுக்கு எடுத்திருந்தால் இதைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள். ரிம் அகலமானால் அழுத்தம் பரவி வலி குறையும். குறுகினால் லிப் ஸ்லர் (நாக்கு வைக்காமல் உதட்டாலேயே நோட்டு மாற்றுவது) லாவகமாக வரும். இதில் எதுவும் இலவசமாகக் கிடைக்காது. ஒன்று கூடினால் இன்னொன்று குறையும்.

என் இரண்டு குறைகளுக்கும் சேர்த்துப் பார்த்தபோது, விட்டத்தில் ஒரு படி சிறியது, கப்பில் கிண்ணத்துக்கு நெருங்கியது என்ற திசை தெரிந்தது. இரண்டையும் ஒரேயடியாக மாற்ற மாஸ்டர் விடவில்லை. முதலில் கப் மட்டும் மாறிய ஒன்றை ஊதச் சொன்னார். அது சரியான யோசனை. ஒரே நேரத்தில் எல்லாம் மாறினால், கிடைத்த நன்மை எதனால் வந்தது என்று கடைசி வரை தெரியாது. ரிம்மைக் கழற்றி மாட்டக்கூடிய மவுத்பீஸ் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள், ரிம்மை மாற்றாமல் கப்பை மட்டும் மாற்றிப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

சோதனையை நான் எப்போதும் பயிற்சியின் கடைசியில்தான் வைத்தேன். ஸ்கேல், ஆர்பெஜியோ, மூன்று உருப்படிகள் எல்லாம் முடித்து உதடு கனத்திருக்கும் நேரத்தில் புதியதை எடுப்பேன். முதலில் கீழ் எஃப், மிக மெதுவாக, நாக்கின் உதவி இல்லாமல் மூச்சால் மட்டும் தொடங்குவது. ஒலி உடனே வருகிறதா, அல்லது முன்னால் வெறும் காற்று கேட்கிறதா? பிறகு அதே நோட்டை நாக்கு வைத்து, குட்டை குட்டையாக, வரிசையாக நாலு. பிறகு மூன்றாவது உருப்படியின் கடைசிப் பக்கம் முழுக்க, நிறுத்தாமல். இந்த வரிசையில் ஊதியபோது, காலையில் என்னை மயக்கிய ஒரு பெரிய மவுத்பீஸ் பாதிப் பக்கத்திலேயே தளர்ந்தது. அடக்கமாகத் தோன்றிய இன்னொன்று கடைசிக் கோடு வரை வந்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. டியூபாவின் மணி, அதாவது ஒலி வெளியே வரும் விரிந்த வாய், மேலே பார்க்கிறது. நம் காதில் விழுவதும் எதிரே மேஜையில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர் காதில் விழுவதும் ஒன்றல்ல. கைபேசியை அறையின் அடுத்த கோடியில் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். நமக்கு இதமாக இருக்கிற அடர்ந்த நாதம் அங்கே வெறும் முணுமுணுப்பாகக் கேட்கக்கூடும். கூட வாசிக்கிறவர் ஒருவரை முதுகு காட்டி உட்காரவைத்து, எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஊதிக் காட்டினால் இன்னும் நல்லது. என் நண்பன் மூன்று முறையும் ஒன்றையே சொன்னான். நான் மனதில் வைத்திருந்தது அது அல்ல. அவன் சொன்னதையே எடுத்தேன்.

சுருதியை ட்யூனர் வைத்துப் பாருங்கள், ஆனால் ஒவ்வொரு மவுத்பீஸுக்கும் ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுக்கும் குழாய்) புதிதாகச் சரிசெய்த பிறகு. சில கோளாறுகள் மவுத்பீஸுடையவை அல்ல. பி ஃபிளாட் டியூபாவில் வால்வு அழுத்தாமல் வருகிற நடு டி ஐந்தாவது ஹார்மோனிக் (ஒரே குழாய் நீளத்தில் உதட்டால் மட்டும் கிடைக்கும் நோட்டுகளில் ஐந்தாவது), அது இயற்கையிலேயே 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் 14 பங்கு) அளவு தாழ்ந்தது. அதற்கு 1-2 வால்வுகளைப் பயன்படுத்திப் பார்க்கலாம். 1-3 வால்வில் வருகிற கீழ் சி உயர்ந்து நிற்கும். நாலாவது வால்வு இருந்தால் அதுவே மருந்து. இவற்றுக்காக மவுத்பீஸை மாற்ற வேண்டாம். ஆனால் மேல் ஸ்தாயி மொத்தமும் தாழ்கிறது என்றால், கப்பின் கொள்ளளவு உங்கள் வாத்தியத்துக்கு அதிகமாக இருக்கலாம். 18 அடி நீளமுள்ள பி ஃபிளாட்டுக்கு ஏற்ற ஆழக் கப்பை 12 அடி எஃப் டியூபாவில் செருகினால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

வெள்ளி முலாம், தங்க முலாம் என்று நிறைய விவாதம் நடக்கும். உங்கள் தோலுக்கு ஒவ்வாமை இல்லாதவரை அதைக் கடைசியில் யோசித்தால் போதும். முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் மட்டும் கவனியுங்கள், சிலருக்கு உதடு எரியும்.

எப்போது மாற்றுவது? தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். கடைசி மாதத்தில் யார் எதைச் சொன்னாலும், எவ்வளவு நல்லது கையில் கிடைத்தாலும் தொடாதீர்கள். புதிய ரிம் எங்கே உட்கார வேண்டும் என்று உதடு பழகும் வரை பழைய நம்பிக்கை வராது. சைட் ரீடிங்கில் (முன்பு பார்க்காததைப் பார்த்தவுடனே வாசிப்பது) அந்தத் தயக்கம் அப்படியே தெரியும். கண்ணும் விரலும் புது நோட்டில் இருக்கும்போது உதடு தானாக வேலை செய்ய வேண்டும்.

தேர்வு நாளில் மவுத்பீஸைப் பையில் போடாமல் கையிலோ சட்டைப் பையிலோ வைத்திருங்கள், குளிர்ந்த உலோகத்தில் முதல் நோட்டு தடுமாறும். செருகும்போது லேசாகத் திருகினால் போதும், தட்டக் கூடாது. சிக்கிக்கொண்டால் இடுக்கி வேண்டவே வேண்டாம், ரிசீவரே பிய்ந்து வந்துவிடும். அதற்கென்றே மவுத்பீஸ் புல்லர் இருக்கிறது. ஷாங்க் நுனியையும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். கீழே விழுந்து வட்டம் கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் பொருத்தம் கெட்டுவிடும். பித்தளை வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் அதை மறுபடி வட்டமாக்கும் கூம்புக் கருவி இருக்கும், தேர்வு வாரத்துக்கு முன்பே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.