மேனிபோல்டு ஸ்டட் முறிந்தால் ஈஸி-அவுட்டைத் தொடாதீர்கள்

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் 'டிக் டிக்' என்று தட்டும். நாங்குநேரி தாண்டுவதற்குள் சத்தம் அடங்கிவிடும். டேப்பட் (வால்வைத் தட்டும் பாகம்) என்று நினைத்து பலர் அங்கே கை வைப்பார்கள். சூடேறினதும் நிற்கிற தட்டல் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு (எஞ்சின் புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் குழாய்) கசிவுதான். இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள். கரி படிந்த இடத்தை ஒட்டி ஒரு ஸ்டட் (மேனிபோல்டை எஞ்சின் ஹெட்டோடு பிடிக்கும் மரைக்கம்பி) முறிந்து நிற்கும், அநேகமாக ஓரத்து ஸ்டட்.

45 செ.மீ. நீள வார்ப்பிரும்பு மேனிபோல்டு 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். நடுவில் அது தெரியாது, ஓரத்து ஸ்டட்தான் தினமும் வளைந்து நிமிரும். களக்காட்டு வாழைத்தாரோடு புளியரை எஸ் வளைவு ஏறுகிற பிக்கப்புக்கு இது நித்தியப்படி வேலை. உவரிப் பக்கத்து மீன் வண்டிக்கு உப்புத் துருவும் சேரும். கொதிக்கிற எஞ்சின்மேல் வாட்டர் சர்வீஸ் அடிப்பதைப் பற்றி என்ன சொல்ல!

முந்தின நாள் ராத்திரியே எஞ்சின் ஆறினபின் துரு இளக்கும் ஆயிலை எல்லா ஸ்டட்டிலும் விடுங்கள். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் (ஏடிஎஃப்) பாதிக்குப் பாதி கலந்தாலும் நன்றாக இறங்கும். ஆனால் தீப்பிடிக்கும், வெல்டிங்குக்கு முன் துடைத்துக் காயவிட வேண்டும்.

முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் லாக்கிங் பிளையர் போதும். ஹெட்டோடு மட்டமாக முறிந்திருந்தால் வெல்டிங்தான் முதல் வழி. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும்) வண்டியானால் இசிஎம் என்கிற அந்த எஞ்சின் கம்ப்யூட்டரின் கனெக்டரையும் பிடுங்குங்கள். எர்த் கிளாம்பை ஹெட்டிலேயே மாட்டுங்கள். ஸ்டட் முனையில் பொட்டுப்பொட்டாக வைத்து மேடாக்கி, ஒரு வாஷரை வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் நட்டு. எம்8 (8 மி.மீ.) ஸ்டட்டுக்கு எம்10 நட்டு எடுத்தால் உள்ளே வெல்டிங் நன்றாக இறங்கும். சிவப்பு போனதும் மெழுகுவர்த்தியை ஒட்டுங்கள். மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். ஸ்பேனரால் முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தி, முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்க வேண்டும். வெல்டிங் விட்டுப்போனால் மறுபடி வையுங்கள், மூன்று நான்கு தடவை விடுவது சகஜம். ஸ்டட்டை இளக்குவது நட்டு மட்டுமல்ல, அந்தச் சூடும்தான்.

அலுமினிய ஹெட்டில் கேஸ் கட்டரைக் காட்டவே கூடாது. சிவக்காமலேயே 600 டிகிரி வாக்கில் உருகிவிடும். நட்டு வெல்டிங் அங்கேயும் சரிவரும், இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது.

அதுவும் ஆகவில்லை என்றால்தான் ட்ரில். மேனிபோல்டு ஓட்டைக்குள் உட்காருகிற மாதிரி லேத்தில் ஒரு புஷ் கடைந்து வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிட் மென்மையான அலுமினியம் பக்கம் ஓடிவிடும். 3 மி.மீ., 5, பிறகு 6.5. இடதுபக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் பல சமயம் பாதியிலேயே ஸ்டட் தானாக வெளியே வரும். எம்8 × 1.25 மரைக்கு டேப் ட்ரில் (மரை வெட்டுவதற்கு முன் போடும் துளை) அளவு 6.8, அதைத் தாண்டினால் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட வேண்டியதுதான்.

ஈஸி-அவுட் (முறிந்த ஸ்டட்டில் துளை போட்டு, உள்ளே செருகித் திருகி எடுக்கும் இடது மரைக் கம்பி)? முழுத் தடிமன் ஸ்டட்டே முறிந்த இடத்தில் அதைவிட ஒல்லியான கம்பி என்ன செய்யும்? அது உள்ளே முறிந்தால் சாதா பிட் இறங்காது, கார்பைடு தேடி அலைய வேண்டும். சவத்தைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன் மேனிபோல்டு முகத்தில் நேர்ப்பட்டை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். கோணியிருந்தால் பேசிங் போடாமல் (முகத்தை மெஷினில் சீவி மட்டமாக்காமல்) புது ஸ்டட் போட்டுப் பிரயோசனம் இல்லை, அதே ஓரம் மறுபடி முறியும். ஸ்டட், நட்டு, பேக்கிங் எல்லாமே புதிதாக, கம்பெனி அளவில். ஹார்டுவேர் கடை போல்ட்டு இந்தச் சூடு தாங்காது. சில ஓட்டைகள் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் பாதை) திறக்கும், அங்கே மரையில் சீலன்ட் தேவை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். மேனுவல் கைவசம் இல்லையென்றால் எம்8-க்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். ஓட்டி, முழுக்க ஆறினபின் மறுபடி டார்க் (இறுக்கம்) பார்க்க வேண்டும்.

அப்படியே கீழே குனிந்து சைலன்சர் பைப் தாங்கியையும் தொங்கல் ரப்பரையும் ஆட்டிப் பாருங்கள். அது அறுந்திருந்தால் பைப் பாரம் முழுக்க இந்த ஸ்டட்களில்தான் தொங்கும்.