மோட்டார் ரூமில் கிடந்த பிஎல்சி பாடம்

போன வாரம் ஊர்த் தம்பி ஒருவன் போன் பண்ணினான். காரைக்குடியில் டிப்ளமோ முடித்தவன். "அண்ணே, சென்னையில ஆட்டோமேஷன் கோர்ஸ் சேரலாமா, நாப்பதாயிரம் கேக்குறாய்ங்க" என்றான். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நானும் அப்படிப் போனவன்தான். மூணு மாதம். பேனரில் "நூறு சதவீதம் வேலை" என்று போட்டிருந்தார்கள், உள்ளே போனால் பதினாலு பேருக்கு ஒரே ஒரு பிஎல்சி (ஃபேக்டரி மெஷின்களை ஓட்டி நிறுத்த புரோகிராம் போட்டு வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர்). என் முறை வருவதற்குள் மத்தியானச் சாப்பாடு வந்துவிடும். மீதி நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் சிமுலேஷன். சிமுலேஷனில் ஒயரை எலி கடிக்காது, டெர்மினலில் ஸ்க்ரூ லூஸ் ஆகாது. வேலையில் சேர்ந்த பிறகு முக்கால்வாசி நாள் நான் பார்ப்பதே அதைத்தான்.

முதல் பாடம் மோட்டார் ஸ்டார்ட், ஸ்டாப். ஸ்டாப் பட்டன், அழுத்தாதவரை மூடியே இருந்து கரண்டை விடும் என்சி டைப், அதனால் லேடரிலும் (பிஎல்சி புரோகிராமை ஏணி மாதிரி வரையும் படம்) என்சி குறியையே போட்டேன். மோட்டார் அசையவே இல்லை. சார் வந்து குறியை என்ஓ (என்சிக்கு நேர் எதிர்) என்று மாற்றிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை (பதினாலு பேருக்கு நடுவில் கேட்க வெட்கம்தான், வேறென்ன).

காரணம் தெரிந்தது பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது. எங்கள் தோப்பு மோட்டார் நின்றுபோய், காயில் கட்டுகிற அண்ணன் ஸ்டார்ட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சைப் பட்டனை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாலும் மோட்டார் ஓடுகிறதே, அதைப் பிடித்து வைத்திருப்பது கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) பக்கத்திலிருக்கும் சின்னக் கான்டாக்ட். அதை விரலால் தொட்டுக் காட்டினார். அட, சென்னையில் காசு கொடுத்துப் படித்த லாட்ச் இதுதானே! கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடாததும் இதனால்தான், அதற்காகத்தான் ஊரெல்லாம் 'ஆட்டோ' மாட்டி வைத்திருக்கிறார்கள். "சிவப்பு பட்டன் ஒயர் அந்துபோச்சுன்னா மோட்டார் நிக்கணுமா ஓடணுமா?" என்று கேட்டார். நிற்க வேண்டும். அதற்குத்தான் என்சி. யாரும் அழுத்தாதபோது அந்த ஒயர் வழியாக பிஎல்சிக்கு 24 வோல்ட் வந்துகொண்டே இருக்கிறது, இன்புட் ஆன். என்ஓ குறி இன்புட் ஆன் ஆனால்தான் வழி விடும், என்சி குறி அப்போது தடுத்துவிடும், அதனால் லேடரில் என்ஓ. இரண்டு நிமிஷம்.

இதையே வேறு உருவில் ஒரு இன்டர்வியூவில் கேட்டு என்னைக் கவிழ்த்தார்கள். 8 மீட்டர் டேங்க், தண்ணீர் மட்டத்தைக் கரண்டாக மாற்றி அனுப்பும் லெவல் டிரான்ஸ்மிட்டர் 4-20 மில்லி ஆம்ப்ஸ், இப்போது 12 வருகிறது, தண்ணீர் எவ்வளவு? இருபதில் பன்னிரண்டு என்று மனக்கணக்குப் போட்டு 4.8 மீட்டர் என்றேன். "அப்ப டேங்க் காலின்னா எத்தனை ஆம்ப்ஸ் தம்பி?" என்றார் எதிரே இருந்தவர். சைபர் என்று வாய் வரை வந்து நின்றுவிட்டது. காலி டேங்க் என்றால் 4, நிறைந்தால் 20, ஒயர் அறுந்தால்தான் சைபர். பன்னிரண்டு என்பது சரிபாதி, 4 மீட்டர். அந்த வேலை கிடைக்கவில்லை.

அப்புறம்தான் கொஞ்சம் சொந்தமாகப் படித்தேன். சூடு ஏற ஏற மின்தடை கூடுகிற ஒரு பிடி100 சென்சாரும் மல்டிமீட்டரும் வாங்கி வந்து அப்பத்தா அடுப்படியிலேயே உட்கார்ந்தேன். ஐஸ் தண்ணீரில் 100 ஓம் காட்ட வேண்டியது 100.5 காட்டியது. கொதிக்கிற தண்ணீரில் 138.5 வர வேண்டும், அங்கேயும் அரை ஓம் கூட. சென்சார் கோளாறு என்று நினைத்து, மீட்டர் ஒயர் இரண்டின் முனையையும் சும்மா ஒட்டிப் பார்த்தால் 0.5! டிகிரிக்கு சுமார் 0.385 ஓம்தான், ஆக என் ஒயரே ஒரு டிகிரிக்கு மேல் பொய் சொல்லியிருக்கிறது. ஆர்டிடிக்கு (பிடி100 மாதிரி சென்சார்களுக்கு) ஏன் மூணு ஒயர் இழுக்கிறார்கள் என்பது அன்றைக்கு விளங்கியது, ஒயரின் ஓமைக் கழிக்கத்தான் மூணாவது. அப்பத்தாவுக்கு விளங்கவில்லை. "தண்ணி கொதிக்கிறது கண்ணுக்குத் தெரியுதேப்பு, அதுக்கு எதுக்கு மீட்டரு?" என்றது.

வேலை என்னவோ ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், இல்லையென்றால் வளைகுடா என்றுதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர் இது. இருந்தும் பெட்டியைக் கட்டத்தான் வேண்டியிருக்கிறது. கோர்ஸே வேண்டாம் என்று தம்பியிடம் நான் சொல்லவில்லை. சர்டிபிகேட் இல்லாமல் சில இடங்களில் வாசலிலேயே திருப்பிவிடுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் வாங்கு, புதுவயல் பக்கம் தெரிந்த அரிசி ஆலை இருந்தால் எலக்ட்ரீஷியனோடு நின்று பேனலைத் திறக்கும்போது பார் (கையை மட்டும் உள்ளே விட்டுவிடாதே) என்றேன். கோர்ஸ்காரர்களிடம் இரண்டே கேள்வி. எத்தனை பேருக்கு ஒரு பிஎல்சி? ஒயரைக் கழற்றி மாட்ட விடுவீர்களா?

கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான். இன்னும் கூப்பிடவில்லை.