குண்டானுக்கு அடியில் இரண்டு செங்கல்

இந்த செமஸ்டரின் முதல் வகுப்பில், மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் பிள்ளைகளிடம் கிரைண்டரில் என்ன மாற்றலாம் என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் 11 யோசனைகள் வந்தன. ஒன்பதில் மொபைல் ஆப். ஆனால் மாவு அரைபடுவதைப் பக்கத்தில் நின்று முழுசாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய கோயம்புத்தூரில் இப்படி என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

எங்கள் தெருவில் மாவு விற்கும் அக்காவிடம் கேட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு நான்கு பேரை அனுப்பினேன். யோசனை சொல்லக் கூடாது, பார்த்ததை மட்டும் எழுதி வரணும் என்றேன். ஒரு மாணவியின் நோட்டில் இருந்த மூன்று வரிகளை இன்னும் மறக்க முடியவில்லை: "கல் ஓடும் சத்தம் மாறும்போது தண்ணீர் ஊற்றுகிறார். டில்டிங் டிரம்மைச் சாய்க்கும் முன் குண்டானுக்கு அடியில் இரண்டு செங்கல் வைக்கிறார். நிறைந்ததும் காலால் தள்ளி எடுக்கிறார்."

அந்தச் செங்கல்தான் பாடம். சாய்த்து மாவைக் கொட்டும் டிரம்மின் வாய் ஒரு உயரம், அதை வாங்கும் குண்டான் வேறு உயரம். தினமும் அத்தனை கனத்தையும் அக்கா குனிந்து இழுக்கிறார். கேட்டிருந்தால் "ஒரு கஷ்டமும் இல்லீங்க" என்றுதான் சொல்லியிருப்பார், பழகிவிட்டது.

2017-இல் தொடங்கிய, மாணவர்கள் பிரச்சினைகளுக்குத் தீர்வு செய்து காட்டும் தேசியப் போட்டியான ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு வருஷாவருஷம் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். நல்ல பயிற்சிதான். ஆனால் அங்கே பெரும்பாலும் பிரச்சினையை அமைச்சகங்களும் நிறுவனங்களும் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அதைத் தானே கண்டுபிடிக்கும் கண்ணை யார் பழக்குவது? அதனால்தான் இந்த ப்ராஜெக்ட்டின் 50 மதிப்பெண்ணில் 20-ஐ அந்த நோட்டுக்கே வைத்தேன். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் "பேஸ் பேப்பர் எங்கே?" என்று கேட்டார்கள், அதாவது எந்த ஆய்வுக் கட்டுரையை அடிப்படையாக வைத்துச் செய்தது என்று. எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணின் இடுப்புவலியைப் பார்த்து வந்த பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியா அது?

செங்கல்லுக்குப் பதிலாக, பட்டறையில் சக்கரம் வைத்து ஒரு ஸ்டாண்ட் வெல்டிங் செய்து கொண்டுபோனார்கள். மாவுத் தண்ணீர் சிந்திய தரையில் அது ஓடியே போய்விட்டது. "சக்கரம் வேண்டாஞ் சாமி, வழுக்குது" என்றார் அக்கா. அன்று சாயங்காலமே நால்வரும் மறுபடி பட்டறைக்கு வந்துவிட்டார்கள், நான் கூப்பிடவில்லை. இரண்டாவது ஸ்டாண்டுக்குச் சக்கரம் கிடையாது. நான்கு காலிலும் ரப்பர் புஷ். சனிக்கிழமை விடியற்காலை கொண்டுபோகிறோம், இந்த முறை நானும் போகிறேன்.